குடியிருப்பவர் கட்டிவிட்டார், ஏஜென்ட் தரவில்லை: தென்னாப்பிரிக்காவில் வாடகைப் பணம் நடுவில் நின்றால்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அந்த நிலைமைதான். வீட்டில் குடியிருப்பவர் முதல் தேதியே வாடகையைக் கட்டிவிடுகிறார். வாடகை வசூலிக்கும் ஏஜென்ட் அதை உரிமையாளருக்கு அனுப்புவதில்லை. கேட்டால் "வங்கியில் சிக்கல்", "கணக்கர் விடுமுறையில் இருக்கிறார்", "வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்" என்று பதில் வருகிறது. எந்த வெள்ளிக்கிழமை என்பதுதான் தெரிவதில்லை.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களில் இரண்டு வகையினர் இதில் மாட்டுகிறார்கள். டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மேர்பேங்க் பக்கம் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஜோஹானஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ வேலை பார்ப்பவர்கள் ஒரு வகை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து, மிட்ராண்ட், ஃபோர்வேஸ் போன்ற இடங்களில் ஒரு ஃபிளாட் வாங்கி, பிறகு ஊர் திரும்பிவிட்டவர்கள் இன்னொரு வகை. இரு தரப்புக்கும் வீடு ஓரிடம், ஆள் ஓரிடம். ஏஜென்ட் இல்லாமல் முடியாது. அந்த ஏஜென்ட் பல நேரம் கோயில் கமிட்டியிலோ உறவு வட்டத்திலோ தெரிந்தவராக இருப்பார். அதனாலேயே எழுத்தில் எதுவும் இருக்காது.

பணம் எப்படிப் போகிறது, சட்டப்படி அது யாருடையது, எந்த வரிசையில் நடவடிக்கை எடுப்பது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். சட்டத்தைவிட இந்த வரிசையில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்.

வாடகை வரும் வழி

ஏஜென்டுக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரத்துக்கு மேண்டேட் என்று பெயர். ஆளைத் தேடித் தருவது மட்டும் ஒரு வகை. மாதாமாதம் வாடகை வசூலித்து, பழுது பார்த்து, கணக்கு அனுப்புவது இன்னொரு வகை. நமக்கு இங்கே வேண்டியது இரண்டாவது.

ஒரு மாதக் கணக்குச் சீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை 9,500 ரேண்ட். கமிஷன் 10 விழுக்காடு என்று பேசியிருந்தால் 950. ஏஜென்சி வாட் வரிக்குப் பதிவு செய்திருந்தால் அந்தக் கமிஷன் மேல் 15 விழுக்காடு, அதாவது 142.50. குழாய் பழுதுக்கு பிளம்பர் பில் 650. மீதி 7,757.50 ரேண்ட் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். கழிக்கப்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் மேண்டேட்டில் ஒரு வரியோ, நீங்கள் சம்மதித்த ஒரு குறுஞ்செய்தியோ, ஒரு பில்லோ இருக்க வேண்டும். பிளம்பர் பில் இல்லாத 650 ரேண்டை விட்டுவிடாமல் கேளுங்கள். பெரிய பிரச்சினைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன வரிகளில்தான் முதலில் தலைகாட்டும்.

பணம் யாருடையது?

தென்னாப்பிரிக்காவில் இந்தத் தொழிலை இப்போது ஆள்வது ப்ராபர்ட்டி பிராக்டிஷனர்ஸ் சட்டம். 2019-இன் 22-ஆம் எண் சட்டம், 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1976-இன் எஸ்டேட் ஏஜென்சி அஃபேர்ஸ் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பான ப்ராபர்ட்டி பிராக்டிஷனர்ஸ் ரெகுலேட்டரி அத்தாரிட்டி, பி.பி.ஆர்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது.

இந்தச் சட்டத்தின் வலை அகலமானது. வீடு விற்றுக் கொடுப்பவர் மட்டும் அதில் வருவதில்லை. பிறருக்காக, லாப நோக்கில், தொழிலாக வாடகை வசூலிப்பவரும் வருகிறார். "நம்ம பையன்தான், பத்துப் பதினைந்து வீடு பார்த்துக்கொள்கிறான்" என்று சொல்லப்படுபவரும் கமிஷன் வாங்கினால் அதற்குள் வருவார். அவரிடம் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும்.

1. ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ். டிரஸ்ட் பணம் திருடுபோனால் ஈடு செய்யும் நிதியின் பெயரில் தரப்படும் தொழில் சான்றிதழ் இது. நிறுவனத்துக்கும் தேவை, தொழில் செய்யும் ஆளுக்கும் தேவை. அலுவலகத்தில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் செய்த வேலைக்குக் கமிஷன் கேட்கவே அவருக்கு உரிமை இல்லை.

2. டிரஸ்ட் கணக்கு. பிறர் பணத்தை வைத்திருக்கும் தனி வங்கிக் கணக்கு. உங்கள் வாடகையும் குடியிருப்பவரின் டெபாசிட்டும் இதில்தான் இருக்க வேண்டும். ஏஜென்சியின் சம்பளச் செலவு, கார் தவணை எதுவும் இங்கிருந்து போகக் கூடாது.

டிரஸ்ட் கணக்கில் இருக்கும் பணம் ஏஜென்டின் சொத்தில் சேராது. அவர் திவாலானாலும் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அதைத் தொட முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவும் வேறு வார்த்தைகளில் இதைத்தான் சொல்கிறது: வாடிக்கையாளரின் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் அதைத் தன் பணமாக நடத்தக் கூடாது. ஆகவே நீங்கள் கொடுத்த கடனை ஏஜென்டிடம் கெஞ்சிக் கேட்பவர் இல்லை. உங்கள் பணத்தை அவர் வைத்திருக்கிறார். கடிதம் எழுதும்போது தொனியும் அதற்கேற்ப இருக்கட்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு; கசப்பானது. உங்கள் ஏஜென்டிடம் கட்டியது உங்களிடமே கட்டியதற்குச் சமம். குடியிருப்பவரின் கடமை அத்தோடு முடிந்தது. ஏஜென்ட் தரவில்லை என்று அவரிடம் மறுபடி வாடகை கேட்க முடியாது; "பாக்கி" என்று சொல்லிக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். அதே நேரம் பாண்ட் (வீட்டுக் கடன்) தவணைக்கான டெபிட் ஆர்டர் வங்கியில் திரும்பி வரும், கட்டடத்தின் பாடி கார்ப்பரேட் (ஃபிளாட் உரிமையாளர்கள் சங்கம்) லெவிக்கு, அதாவது பராமரிப்புக் கட்டணத்துக்கு, வட்டி போடும், நகராட்சி பில் ஏறும். இவை எல்லாம் உரிமையாளர் பெயரில்தான் நிற்கும்.

தாமதத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது

எல்லாத் தாமதமும் திருட்டு ஆகிவிடாது. குடியிருப்பவரே தாமதமாகக் கட்டியிருக்கலாம். ரெஃபரன்ஸ் எண் இல்லாமல் வந்த தொகை யாருடையது என்று தெரியாமல் கிடக்கலாம். இப்படிப்பட்டவை கேட்டவுடன் ஓரிரு நாளில் சரியாகும். மாதாமாதம் தேதி பின்னால் நகர்ந்துகொண்டே போவது வேறு கதை. அதன் கணக்கைப் புரிந்துகொள்வது முக்கியம்.

ஓர் ஏஜென்சி 60 வீடுகளைப் பார்க்கிறது என்று வையுங்கள். கமிஷன் போக வீட்டுக்கு 8,000 ரேண்ட் உரிமையாளருக்குப் போக வேண்டும், மொத்தம் 4,80,000. ஒரு மாதம் ஏஜென்ட் அதிலிருந்து 1,20,000-ஐ எடுத்து வேறு செலவுக்குப் போட்டுவிடுகிறார். மீதி 3,60,000-இல் 45 பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. 15 பேர் காத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி புது வாடகை 4,80,000 வருகிறது. முதல் வேலையாக அந்த 15 பேரின் பழைய பாக்கி தீர்க்கப்படுகிறது. மறுபடி 3,60,000 மிச்சம், மறுபடி 45 பேர், மறுபடி 15 பேர் காத்திருப்பில்.

அவர் இனி ஒரு ரேண்ட் கூட எடுக்காவிட்டாலும் இந்த ஓட்டை மூடாது. அதோடு யாருக்கும் அது தெரியாது. ஏனென்றால் எல்லாருக்கும் கடைசியில் பணம் வந்துவிடுகிறது, கொஞ்சம் பிந்தி. 5-ஆம் தேதி வந்தது 12 ஆகும், பிறகு 25 ஆகும். ஓட்டை பெரிதாகப் பெரிதாகக் காத்திருப்போர் எண்ணிக்கை ஏறும். பத்து உரிமையாளர்கள் வேறு ஏஜென்டிடம் போய்விட்டால் மாத வரவு 80,000 குறைகிறது, பள்ளம் அப்படியே இருக்கிறது. அப்போதுதான் கூடாரம் சரிகிறது.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு முதலில் கொடுக்கப்படும்? அலுவலக வாசலில் வந்து சத்தம் போடுபவருக்கு. சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு மரியாதையாக மின்னஞ்சல் எழுதுபவர் அந்த 15 பேரில் நிரந்தர உறுப்பினர். தேதி நகர்வதே எச்சரிக்கை. பணம் அடியோடு நிற்கும் வரை காத்திருப்பது தாமதம்.

ஏஜென்ட் சொல்லும் காரணங்கள்

"குடியிருப்பவர் கட்டவில்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் பதில். சரிபார்க்க எளிதானதும் இதுதான்: குடியிருப்பவரையே கேட்டு, அவர் வங்கியிலிருந்து வந்த ரசீதை வாங்குங்கள். உரிமையாளர் நேரடியாகப் பேசக் கூடாது என்று சில ஏஜென்டுகள் சொல்லி வைத்திருப்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது.

"பழுதுச் செலவுக்காக வைத்திருக்கிறோம்" என்றால் பில்லும் உங்கள் சம்மதமும் எங்கே என்று கேளுங்கள். "ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததற்குக் கமிஷன் பாக்கி" என்பது கொஞ்சம் சிக்கலானது. மேண்டேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் அந்தத் தொகையைக் கழிக்க அவருக்கு இடமுண்டு. ஆனால் 3,000 ரேண்ட் கமிஷன் தகராறுக்காக மூன்று மாத வாடகையை மொத்தமாகப் பிடித்து வைப்பதற்கு அந்த ஷரத்து துணை நிற்காது. தகராறு உள்ள தொகையைத் தனியாகக் குறிப்பிட்டு, மீதியை உடனே அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் அனுப்பிவிடுவார். அனுப்பாதவரிடம் பெரும்பாலும் பணம் இருக்காது.

முதலில் வரப்போகும் வாடகை, பிறகு பழைய பாக்கி

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நின்றுபோன இரண்டு மாதப் பாக்கிக்காக வாரக்கணக்கில் சண்டை நடக்கிறது. அதற்குள் மூன்றாம் மாத வாடகையும் அதே கணக்குக்குள் போய்விடுகிறது. "கோபப்படுத்தினால் உள்ளதும் வராது" என்ற பயம் வேறு. அடுத்த முதல் தேதிக்கு முன் செய்ய வேண்டியவை:

1. மேண்டேட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்து, வாடகைக்கு விடுபவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இருந்தால் வழி நேரானது. சில ஒப்பந்தங்களில் ஏஜென்சியே விடுபவராகக் கையெழுத்திட்டிருக்கும். அப்படியானால் அடுத்த அடி வைக்கும் முன் வக்கீலைப் பாருங்கள்.

2. வாடகை வசூலிக்கும் அதிகாரத்தை எழுத்தில் ரத்து செய்யுங்கள். வசூலித்த பணத்தைத் தராதது ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்று குறிப்பிடுங்கள். ஏஜென்ட் எந்த மீறலும் செய்யாதபோது கூட, தனிநபராகக் கையெழுத்திட்டவர் நிலையான கால ஒப்பந்தத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி 20 வேலை நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம்.

3. குடியிருப்பவருக்குப் புது வங்கிக் கணக்கைத் தெரிவியுங்கள். இதை அவசரமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பொய் மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிப்பது இங்கே வழக்கமான மோசடி. பத்திரத்தின் நகல், அடையாள அட்டை, ரத்துக் கடிதத்தின் நகல் எல்லாம் சேர்த்து அனுப்பி, நேரிலோ வீடியோ அழைப்பிலோ பேசுங்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தக் கணக்கில் கட்டும் வாடகையே செல்லும், இதுவரை ஏஜென்டிடம் கட்டியதற்கு உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் அவரை உங்கள் பக்கம் கொண்டுவரும். பிறகு சாட்சியும் அவர்தான்.

4. ஏஜென்ட் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று இருவரும் கேட்டுக் குடியிருப்பவர் குழம்பினால், ஒரு வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் கட்டச் சொல்லலாம். வக்கீல்களின் டிரஸ்ட் பணத்துக்குத் தனியாக ஒரு ஃபிடெலிட்டி ஃபண்ட் இருக்கிறது.

பழைய பாக்கியைக் கேட்கும் வழிகள்

வரப்போகும் வாடகை பத்திரமான பிறகு பின்னோக்கித் திரும்பலாம். முதல் படி கோரிக்கைக் கடிதம். மாதவாரியாகத் தொகை, குடியிருப்பவர் கட்டிய தேதி, உங்களுக்கு வர வேண்டியது, வந்தது. கடைசியில் 14 நாள் கெடு. இந்த 14 நாள் சும்மா வைத்த எண் இல்லை; சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போக அது கட்டாயம். டிரஸ்ட் கணக்கில் உங்கள் பெயரில் உள்ள லெட்ஜரின் நகலையும் அதே கடிதத்தில் கேளுங்கள். டிரஸ்ட் பணத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைப்பது அவருடைய கடமை. பணம் தராமல் சாக்குச் சொல்பவர் கூட லெட்ஜர் என்றதும் கொஞ்சம் தடுமாறுவார்.

பதில் வராவிட்டால் நான்கு கதவுகள்.

சிறு கோரிக்கை நீதிமன்றம்: 20,000 ரேண்ட் வரை. வக்கீல் கிடையாது, செலவு மிகக் குறைவு. தனிநபர் மட்டுமே வழக்குப் போடலாம்; நிறுவனத்தின் மேல் போடலாம், ஆனால் நிறுவனம் போட முடியாது. வீடு உங்கள் கம்பெனி பெயரில் இருந்தால் இந்தக் கதவு இல்லை. பாக்கி 23,000 என்றால் 3,000-ஐ விட்டுக்கொடுத்து இங்கே வரலாம், விட்டது விட்டதுதான்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றம்: மாவட்ட நீதிமன்றத்தில் 2,00,000 ரேண்ட் வரை, பிராந்திய நீதிமன்றத்தில் 4,00,000 வரை. வக்கீல் செலவு உண்டு. ஒப்பந்தத்தில் வட்டி எழுதியிருக்காவிட்டாலும் சட்டம் நிர்ணயித்த வட்டி கிடைக்கும். அது ரெப்போ விகிதத்துக்கு மேல் 3.5 விழுக்காடு.

பி.பி.ஆர்.ஏ. புகார்: பணத்தை வசூலித்துத் தரும் வேலை இவர்களுடையது என்று எண்ண வேண்டாம். ஏஜென்டின் தொழில் உரிமம் இவர்கள் கையில் இருக்கிறது, அதுதான் இதன் பலம். டிரஸ்ட் பணம் திருடப்பட்டு நட்டமடைந்தவர்களுக்கு ஈடு செய்யும் ஃபிடெலிட்டி ஃபண்டும் இவர்கள் வழியாகத்தான். அந்த ஃபண்ட் முதன்மையாகச் சான்றிதழ் உள்ள ஏஜென்டிடம் ஏமாந்தவர்களுக்கானது. சான்றிதழ் இல்லாத "நம்ம பையனிடம்" கொடுத்தவர் இங்கே பலவீனமாக நிற்பார். பணம் போனது தெரிந்த அன்றே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். நீதிமன்றத்தில் எல்லாம் தோற்றுவிட்டு வருடங்கள் கழித்து வருபவரின் கோரிக்கையை ஏற்க வைப்பது கடினம்.

போலீஸ்: டிரஸ்ட் பணத்தைத் தன் செலவுக்கு எடுப்பது திருட்டு. ஆனால் ஸ்டேஷனில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். குடியிருப்பவரின் ரசீதுகள், மேண்டேட், கோரிக்கைக் கடிதம் மூன்றையும் வரிசையாக வைத்து, சத்தியப் பிரமாணத்தோடு போனால் வழக்கு எண் கிடைக்கும். ஒரே ஏஜென்டிடம் பணம் விட்ட மூன்று நான்கு உரிமையாளர்கள் சேர்ந்து போனால் கதையே மாறும். தனி ஒருவரின் தகராறு போலத் தெரிந்தது அப்போது ஒரு பழக்கமாகத் தெரியும். பாடி கார்ப்பரேட் கூட்டத்தில் விசாரித்தாலே அப்படி இரண்டு பேர் கிடைப்பார்கள்.

வாடகை வீட்டுத் தீர்ப்பாயம், அதாவது ரென்டல் ஹவுசிங் டிரிபியூனல், இதற்கான இடமில்லை. இலவசமானது, நல்ல அமைப்பு, ஆனால் அது குடியிருப்பவருக்கும் வீடு விடுபவருக்கும் இடையிலான சச்சரவுக்கு. உங்களுக்கும் ஏஜென்டுக்கும் உள்ள பணத் தகராறை அங்கே கொண்டுபோய் மாதங்களை இழக்க வேண்டாம். எந்த நீதிமன்றக் கதவானாலும் மூன்று வருடக் காலக்கெடு நினைவிருக்கட்டும். இப்படிப்பட்ட கடன்கள் பொதுவாக மூன்று வருடத்தில் சட்டப்படி காலாவதியாகும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு

சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் நேரில் நிற்க வேண்டும் என்பதால் அது கிட்டத்தட்ட அடைபட்ட கதவு. மற்ற நீதிமன்றங்களில், நாட்டுக்கு வெளியே வசிப்பவர் வழக்குப் போட்டால், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவுக்காக முன்கூட்டியே ஒரு பிணைத்தொகை கட்டும்படி கேட்கப்படலாம். ஒருவருக்கு பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்க நினைத்தால் இந்தியாவில் நோட்டரி கையெழுத்தோடு அப்போஸ்டில் முத்திரையும் வாங்கி அனுப்புங்கள். வெறும் நோட்டரி முத்திரை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டால் இரண்டு மாதம் போகும். இவர்களுக்குப் பழைய பாக்கியை மீட்பது கடினம் என்பதால்தான் அடுத்த மாத வாடகையைத் திருப்புவது இரட்டிப்பு முக்கியம்.

டெபாசிட்டும் வரியும்

வாடகை நின்றுபோன பதற்றத்தில் டெபாசிட்டை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். குடியிருப்பவர் கொடுத்த டெபாசிட் வட்டி தரும் கணக்கில் இருக்க வேண்டும். அந்த வட்டியும் அவருக்குத்தான். அவர் காலி செய்யும்போது சேதம் எதுவும் இல்லை என்றால் 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பழுது பார்க்க வேண்டியிருந்தால் அதைக் கழித்து, வீடு திரும்பக் கிடைத்த 14 நாளுக்குள். ஏஜென்ட் டெபாசிட்டைத் தின்றுவிட்டார் என்பதைக் குடியிருப்பவரிடம் சாக்காகச் சொல்ல முடியாது. அவர் தீர்ப்பாயத்துக்குப் போவார், உங்கள் பெயரில்தான் போவார். எனவே கோரிக்கைக் கடிதத்தில் டெபாசிட்டையும் அதன் வட்டியையும் தனி வரியாகச் சேர்த்து, புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வருமான வரித் துறையான சார்ஸ் உங்கள் கைக்கு வந்த பணத்தை மட்டும் பார்ப்பதில்லை. உங்களுக்காகப் பெறப்பட்டதையும், உங்களுக்குச் சேர வேண்டியதாகிவிட்டதையும் வருமானமாகவே கணக்கிடும். குடியிருப்பவர் ஏஜென்டிடம் கட்டிய அந்த 9,500 ரேண்ட் உங்கள் வரிக் கணக்கில் வரும், உங்கள் வங்கியில் வராவிட்டாலும். வரி ஆண்டு பிப்ரவரியோடு முடிவதால், அதற்குள் கோரிக்கைக் கடிதம், போலீஸ் வழக்கு எண், பி.பி.ஆர்.ஏ. புகார் எண் மூன்றையும் உங்கள் கணக்கரிடம் கொடுத்துவைத்து, இந்தத் தொகையை எப்படிக் காட்டுவது என்று கேட்டுவிடுங்கள்.